குட்டியைப் பார்ப்பதற்கு முன் பிரீடரைப் பாருங்கள்

எட்டு வார நாய்க்குட்டியைக் கையில் தூக்கிப் பார்த்து அது நல்ல குட்டியா என்று யாராலும் சொல்லிவிட முடியாது. கண் பளிச்சென்று இருக்கும், வாலாட்டும், விரலைக் கடிக்கும். சிறிய இனங்களின் பெரிய தொல்லைகள் அந்த வயதில் வெளியே தெரியாது. முழங்கால் சில்லு நழுவுவது பெரும்பாலும் நாலைந்து மாதம் கழித்துத்தான் நொண்டலாகத் தெரியவரும். டாக்ஸ்ஹுண்டின் முதுகெலும்புத் தட்டு பிதுங்குவது வழக்கமாக 3 வயதிலிருந்து 7 வயதுக்குள். கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியலின் இதய வால்வு கசிவதற்குள் நாய்க்குப் பல பிறந்தநாள்கள் போய்விடும். ஆகவே குட்டியின் எதிர்காலம் பற்றி இன்றைக்குக் கையில் கிடைக்கும் தடயம் அதன் தாயும் தகப்பனும்தான். அவற்றுக்கு என்னென்ன பரிசோதனை செய்தார்கள், முடிவு என்ன வந்தது, எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்களா? இதைக் காட்டத் தெரிந்தவர்தான் பிரீடர், அதாவது முறையாக நாய் இனப்பெருக்கம் செய்பவர். மற்றவர் வெறும் விற்பவர்.

“டாக்டர் பார்த்துட்டார், நல்லா இருக்கு” என்பதைப் பரிசோதனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, வெப்பநிலை பார்த்து, ஊசி போட்டு அனுப்பியதைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்வார்கள். அது குட்டிக்கு இன்று காய்ச்சல் இல்லை என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். நீங்கள் கேட்க வேண்டியது தாய், தகப்பன் இரண்டின் பரிசோதனை அறிக்கை. அதுவும் இனத்துக்கு இனம் மாறும்.

பொமரேனியன், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர், டாய் பூடில் போன்றவற்றுக்கு முதலில் முழங்கால். ஓஎஃப்ஏ என்ற அமெரிக்கப் பதிவகம் முழங்கால் சான்று கொடுக்க நாய்க்கு 12 மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. எட்டு மாதத் தாய்க்கு “முழங்கால் சுத்தம்” என்று ஒரு சீட்டைக் காட்டினால் அதற்கு மதிப்பில்லை. மருத்துவர் நாயை நிற்க வைத்து, பின்னங்காலை நீட்டியும் மடக்கியும், சில்லைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்ப்பார். தள்ளினால் நழுவி, விட்டதும் தானே திரும்பினால் முதல் நிலை. நடக்கும்போதே அவ்வப்போது நழுவித் திரும்பினால் இரண்டாம் நிலை. பெரும்பாலும் விலகியே இருந்து, கையால் தள்ளினால் மட்டும் இடத்துக்கு வந்தால் மூன்றாவது. தள்ளியும் வராவிட்டால் நான்காவது. உங்களாலும் ஓரளவு கண்டுபிடிக்க முடியும். தாயைப் பத்தடி ஓட விடுங்கள். ஓடும்போது ஒரு பின்னங்காலைத் தூக்கி இரண்டு மூன்று எட்டு தத்திவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மறுபடி நான்கு காலில் ஓடினால், அந்த வீட்டில் குட்டி வாங்கும் யோசனையை அங்கேயே விட்டுவிடலாம்.

கவாலியரில் வயதுதான் விஷயம். அந்த இனத்தில் இதய முணுமுணுப்பு (வால்வு கசிவதால் துடிப்போடு கேட்கும் கூடுதல் ஒலி) பரவலாக வருவதால், நாய்க்கு இரண்டரை வயது ஆகும்வரை இணை சேர்ப்பதில்லை என்றும், தாய் தகப்பனின் பெற்றோர் 5 வயதில் முணுமுணுப்பு இல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்றும் பொறுப்பான பிரீடர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அதாவது பாட்டி தாத்தாவின் இதய அறிக்கையையும் கேட்க வேண்டும். கேட்டதும் ஒரு கோப்பை எடுத்து வந்தால் நல்ல இடம். “அதெல்லாம் எதுக்குங்க” என்றால் வந்த வழியே திரும்பலாம்.

கண் நோய்க்கு மரபணுப் பரிசோதனை இருக்கிறது. பூடில் உட்படப் பல இனங்களில் விழித்திரை மெல்ல அழிந்து பார்வை போகும் ஒரு வகைக்குக் காரணமான மரபணு தெரிந்துவிட்டது. இங்கே ஒரு விஷயத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அறிக்கையில் “கேரியர்” (அந்த மரபணுவின் ஒரு பிரதி மட்டும் இருந்து, தனக்கு நோய் வராத நாய்) என்று இருந்தால் பயந்து ஓட வேண்டியதில்லை. கேரியரை, அந்த மரபணு இல்லாத நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் அந்த நோய் வராது. கேரியரோடு கேரியரைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. அதனால் இரண்டு பெற்றோரின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது.

யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ் என்றால் கல்லீரல். ரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு ஓடும் பிறவிக் குறை இவற்றில் கூடுதல். பித்த அமிலப் பரிசோதனை என்று ஒன்று உண்டு: வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம். குட்டிகளுக்கே இதைச் செய்து கொடுக்கும் பிரீடர்கள் இருக்கிறார்கள். அதற்காக விலை கொஞ்சம் அதிகமாகக் கேட்டாலும் கொடுக்கலாம் என்பேன். பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற தட்டை முகங்களுக்கு மூச்சு. மூக்குத்துளை வட்டமாகத் திறந்திருக்க வேண்டும், கீறல் போட்டதுபோல ஒட்டிக் கிடக்கக் கூடாது. பெற்றோரை மூன்று நிமிடம் வேகமாக நடத்தி, முன்னும் பின்னும் மூச்சைக் கேட்டுத் தரம் போடும் முறை ஒன்று இப்போது நடைமுறையில் இருக்கிறது. அந்த அறிக்கை இல்லாவிட்டாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தாய் குறட்டைபோல மூச்சு வாங்குகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

எந்த அறிக்கையாக இருந்தாலும் அதில் மைக்ரோசிப் எண் (நாயின் தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள சிப்பின் எண்) இருக்க வேண்டும். பொதுவாக 15 இலக்கம். அந்த சிப்பைப் படிக்கும் ரீடரை எடுத்துவந்து தாயின் கழுத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். திரையில் வரும் எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சான்று எந்த நாயுடையதாகவும் இருக்கலாம். நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் பதிவுச் சான்றைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது வம்சாவளியைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. ஆனாலும் ஒரு உபயோகம் உண்டு: மூன்று நான்கு தலைமுறைப் பெயர்களில் ஒரே பெயர் இரண்டு பக்கமும் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்க்கலாம். உடன்பிறந்த இரண்டைச் சேர்த்தால் உள்ளினச்சேர்க்கை (நெருங்கிய உறவுக்குள் சேர்ப்பது) அளவு 25 சதவீதம், ஒரு பெற்றோர் மட்டும் பொதுவானால் 12.5 சதவீதம். இந்த அளவுகளைக் கண்டால் ஏன் என்று கேளுங்கள்.

இனி நேரில் போகும்போது. தாய் அங்கே இருக்க வேண்டும். “அது வேற வீட்டில இருக்கு”, “வாக்கிங் போயிருக்கு” என்றால் குட்டி அங்கே பிறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். தகப்பன் இல்லாமல் இருக்கலாம், அதில் தவறில்லை. நல்ல பிரீடர் வெளியூர் ஆண் நாயைத்தான் அடிக்கடி தேடிப் போவார். தாய் புதியவர்களைக் கண்டு கொஞ்சம் குரைத்துவிட்டுப் பிறகு அடங்கினால் சரி. மூலையில் ஒடுங்கி நடுங்கினாலோ, பல்லைக் காட்டியபடியே இருந்தாலோ குட்டிகளும் அந்தப் பயத்தோடுதான் வளர்ந்திருக்கும். ஏனென்றால் மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம். அதில் பாதி பிரீடர் வீட்டில்தான் கழிகிறது. மிக்சி, குக்கர், குழந்தைச் சத்தம் கேட்டு வளர்ந்த குட்டிக்கும் பின்கட்டுக் கூண்டில் வளர்ந்த குட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அப்புறம் எந்தப் பயிற்சியாளராலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது.

கேட்க வேண்டிய ஒரு பொருள்: எடை நோட்டு. சிறிய இனக் குட்டி பிறக்கும்போது 100 கிராம் சுற்றித்தான் இருக்கும். அதனால் அக்கறையுள்ளவர் முதல் இரண்டு வாரம் தினமும் கிராம் தராசில் நிறுத்து எழுதுவார். ஏழிலிருந்து பத்து நாளுக்குள் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். அந்த நோட்டில் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு பத்தி, கழுத்துக் கயிற்றின் நிறம், எந்த நாளில் எடை குறைந்தது, அன்று புட்டிப்பால் கொடுத்தார்களா என்று கிறுக்கலாக எழுதியிருக்கும். இதைப் போலியாகத் தயார் செய்ய யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஒரு பளபளப்பான சான்றிதழைவிட இந்த அழுக்கு நோட்டை நான் அதிகம் நம்புவேன்.

தாயின் கணக்கையும் கேளுங்கள். முதல் ஈற்றின்போது என்ன வயது, இது எத்தனையாவது ஈற்று, போன ஈற்று எப்போது. ஒன்றரை, இரண்டு வயதுக்கு முன் சேர்த்திருந்தால் எல்லாப் பரிசோதனைகளும் முடிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஒவ்வொரு ஹீட்டுக்கும் (இணை சேரும் பருவம்) இடைவெளி விடாமல் சேர்த்தால் அது வியாபாரம்.

“டீகப்” (கோப்பைக்குள் அடங்கும் அளவு நாய்) என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்துவிடுங்கள். அப்படி ஒரு இனத்தை எந்தப் பெரிய கென்னல் கிளப்பும் ஏற்கவில்லை. அமெரிக்கக் கென்னல் கிளப் வரையறைப்படியே வளர்ந்த சிவாவாவின் உச்ச எடை சுமார் 2.7 கிலோ, யார்க்‌ஷயர் டெரியருக்குச் சுமார் 3.2 கிலோ. இவையே ஏற்கெனவே குட்டி நாய்கள். இதற்கும் கீழே கொண்டுபோக, நோஞ்சான் குட்டிகளை நோஞ்சான் குட்டிகளோடு சேர்க்கிறார்கள், அல்லது ஐந்து வாரக் குட்டியை எட்டு வாரம் என்று சொல்லி விற்கிறார்கள். சோபாவிலிருந்து குதித்தாலே முன்னங்கை எலும்பு முறியலாம், அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் சேருவதும் கடினம். “அபூர்வ நிறம்” என்பதும் இதே வகை. திட்டுத் திட்டான மெர்ல் நிறம் கொண்ட இரண்டைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டி, இரண்டு பக்கமிருந்தும் அந்த மரபணுவைப் பெற்று, இரட்டை மெர்லாகப் பிறக்கும்; அவற்றில் பல செவிடாகவோ குருடாகவோ இருக்கும். சாம்பல் நீலத்துக்கு முடி உதிரும் நோய் ஒன்று துணையாக வரலாம்.

வயதுப் பொய்யை வாயைத் திறந்து பார்த்தால் ஓரளவு பிடிக்கலாம். எட்டு வாரத்தில் முன்பற்களும் கோரைப் பற்களும் வெளியே வந்திருக்க வேண்டும். மிகச் சிறிய இனங்களில் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் ஈறு வெறுமையாக இருந்தால் அது எட்டு வாரக் குட்டி இல்லை. டாய் எனப்படும் இந்த மிகச் சிறிய இனங்களை 10 அல்லது 12 வாரம் வரை தாயிடமே வைத்திருக்கும் பிரீடரிடம் அவசரப்படுத்தாதீர்கள். அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார்.

கையில் எடுக்கும்போது நெஞ்சில் உள்ளங்கையை வையுங்கள். இதயத் துடிப்போடு சேர்ந்து தொடர்ச்சியாக ஒரு அதிர்வு தட்டுப்பட்டால், பிறந்ததும் மூட வேண்டிய ரத்தக்குழாய் மூடாமல் இருக்கலாம். சிறிய இனப் பெண் குட்டிகளில் இது அதிகம். சீக்கிரம் அடைத்துவிட்டால் சாதாரண ஆயுள் உண்டு, ஆனால் அந்தச் செலவு யார் தலையில் என்பதை வாங்கும் முன்பே பேச வேண்டும். சிவாவாவின் உச்சிக்குழி சிறிதாகத் திறந்திருப்பது வழக்கம்தான். தலை குவிந்து, கண்கள் இரண்டு பக்கமும் விலகிப் பார்த்தால் வேண்டாம். ஆண் குட்டிக்கு இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா, தொப்புளில் புடைப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், பேட்ச் எண், தேதி, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் இருக்க வேண்டும். ஒன்பது வாரக் குட்டிக்கு “எல்லா ஊசியும் போட்டாச்சு” என்பது அறியாமை அல்லது பொய். தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்யவிடாது, அது எந்த வாரம் குறையும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். குடற்புழு மருந்து 2, 4, 6, 8 வாரங்களில் கொடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் உங்கள் மருத்துவர் பார்த்துக் குறை சொன்னால் பணம் திரும்ப வேண்டும். பரம்பரை நோய்க்கு ஓரிரு வருட உத்தரவாதம் வேண்டும். எந்த வயதில் வளர்க்க முடியாமல் போனாலும் அவரே திரும்ப எடுத்துக்கொள்வார் என்ற வரியும் வேண்டும். “நோய் வந்தால் குட்டியைத் திருப்பிக் கொடுத்து வேறு குட்டி எடுத்துக்கொள்ளலாம்” என்பது தந்திரம். ஆறு மாதம் மடியில் வளர்த்ததை யார் திருப்பிக் கொடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஆன்லைனில் படம் பார்த்து அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். நேரில் போக முடியாத தூரம் என்றால் நேரலை வீடியோவில் தாய் குட்டிக்குப் பால் கொடுப்பதையும், நீங்கள் சொன்ன குட்டியை அவர் தூக்கித் திருப்பிக் காட்டுவதையும் பாருங்கள். படத்தைத் தேடுபொறியில் போட்டு வேறு இடத்தில் வந்திருக்கிறதா என்றும் சோதித்துவிடுங்கள்.

குட்டியை ஒப்படைக்கும்போது பிரீடர் சர்க்கரைத் தாழ்வைப் பற்றித் தானாகவே பேசுகிறாரா என்று கவனியுங்கள். டாய் இனக் குட்டி ஒரு வேளை சாப்பிடாமல் விட்டாலே, அதுவும் பயணக் களைப்பிலும் புது வீட்டுப் பதற்றத்திலும், ரத்தச் சர்க்கரை இறங்கித் தள்ளாடும், சோர்ந்து விழும், வலிப்பும் வரலாம். நல்ல பிரீடர் பழகிய உணவு ஒரு வாரத்துக்குத் தந்து, மூன்று மணியிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற அட்டவணையையும் எழுதித் தருவார். தள்ளாடினால் தேனையோ சர்க்கரைப் பாகையோ விரலில் எடுத்து ஈறில் தடவுங்கள். மயக்கத்தில் இருக்கும் குட்டியின் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். பத்து நிமிடத்தில் தலை நிமிராவிட்டால் உடனே மருத்துவமனை. நிமிர்ந்தாலும் உணவைக் கொடுத்துவிட்டு அன்றே ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். திரும்பத் திரும்ப இறங்கினால் அந்தக் கல்லீரல் பரிசோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.