மூச்சு விடாமல் பேசுவான், மணி பார்க்கத் தெரியாது

"எதைச் சொன்னாலும் மண்டையை மண்டையை ஆட்டுறான். அடுத்த நிமிஷம் அதையேதான் செய்யறான்." எஃப்.ஏ.எஸ்.டி., அதாவது கர்ப்பத்தில் தாய் குடித்த மதுவால் பிறவியிலேயே வரும் மூளைப் பாதிப்பு, உள்ள பிள்ளைகளின் வீடுகளில் தினம் கேட்கிற புலம்பல் இது. திமிர் என்று முடிவு கட்டுவதற்கு முன் அந்த மூளையில் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது.

கர்ப்பத்தில் தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குப் போய்விடுகிறது. அதை முறிக்கும் அளவுக்குக் கருவின் கல்லீரல் வளர்ந்திருக்காது. 1968-ல் பிரான்சில் பால் லெமுவான் என்ற மருத்துவர் இப்படிப் பாதிக்கப்பட்ட 127 குழந்தைகளைப் பற்றி எழுதியதை அப்போது அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. 1973-ல் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. சின்னக் கண்கள், மூக்குக்குக் கீழே பள்ளம் இல்லாத வழவழப்பு, மெல்லிய மேலுதடு ஆகியவை முகத்தில் தெரியும் அடையாளங்கள். ஆனால் பெரும்பாலானோருக்கு இவை இருக்காது. முகம் உருவாவது கர்ப்பத்தின் தொடக்கத்தில் சில நாட்களில். மூளையோ கர்ப்பம் முழுக்க வளர்கிறது. அந்தச் சில நாட்களில் மது படவில்லை என்றால் முகம் தப்பிவிடும், மற்ற நாட்களில் பட்டால் மூளை தப்பாமல் போகலாம்.

எல்லோரையும் ஏமாற்றுவது பேச்சுதான். வட அமெரிக்கப் பயிற்சி வகுப்புகளில் ஒரு கணக்குக் காட்டுவார்கள்: வயது 18, பேச்சு 20 வயதுக்கு உரியது, பணமும் நேரமும் புரிவது 8 வயது அளவுக்கு, பழகும் விதம் 7, உணர்ச்சியைக் கையாள்வது 6. எல்லோருக்கும் அச்சு அசலாக இது பொருந்தாது, ஆனால் அந்த இடைவெளி நிஜம். அறிவுத்திறன் குறைபாடு என்று பொதுவாகச் சொல்வது ஐக்யூ 70-க்குக் கீழே இருந்தால்தான், ஆனால் பலருக்கு அது 70-க்கு மேல் வந்துவிடும். உதவித்தொகை, சிறப்பு வகுப்பு எல்லாம் அந்த ஒரு எண்ணைக் காட்டியே மறுக்கப்படுகின்றன.

"குளிச்சிட்டு, யூனிஃபார்ம் போட்டுட்டு, பையை எடுத்துட்டு வா" என்றால் அது மூன்று கட்டளை. கடைசியாகக் கேட்டதுதான் மனதில் நிற்கும், பையோடு ஈரத் துண்டில் வந்து நிற்பான். ஒன்றைச் சொல்லுங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அசையவில்லையா, அதே வாக்கியத்தை அதே வார்த்தைகளில் மறுபடி சொல்லுங்கள். மாற்றிச் சொன்னால் அது அவனுக்குப் புதுக் கட்டளை, மறுபடியும் முதலிலிருந்து புரிந்துகொள்ள வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்பதில் பயனே இல்லை, ஆமாம் என்றுதான் பதில் வரும். "செஞ்சு காட்டு" என்று கேளுங்கள்.

நல்லது செய்தால் ஸ்டார் ஒட்டி, வாரக் கடைசியில் பரிசு தரும் அட்டை இங்கே படுத்துவிடும். சனிக்கிழமை கிடைக்கும் பரிசையும் செவ்வாய்க்கிழமை செய்த வேலையையும் முடிச்சுப் போடும் இடத்தில்தான் அடி விழுந்திருக்கிறது. ஒரு வாரத்துக்கு போனைப் பிடுங்கி வைப்பதும் அப்படியே. மூன்றாம் நாள் எதற்காகப் பிடுங்கினார்கள் என்பது மறந்திருக்கும், கோபம் மட்டும் மிச்சமிருக்கும். விளைவு எதுவானாலும் அந்த நிமிஷமே, சின்னதாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

அடுத்தது பொய். நினைவில் ஓட்டை விழுந்த இடத்தை மூளை தானாக எதையோ வைத்து நிரப்பிக்கொள்கிறது. சொல்பவன் அதை நம்பியேதான் சொல்கிறான். இதன் மறுபக்கம் இன்னும் மோசம்: "நீதானே எடுத்தே?" என்று நாலு தடவை கேட்டால், எடுக்காதவனும் ஆமாம் என்று சொல்லிவிடுவான். கேள்வி கேட்டுக் குடைவதை விட, பார்த்ததைச் சொல்லிவிட்டு நகர்வது மேல்: "இது அக்காவோட பேனா. வா, சேர்ந்து போய்க் குடுத்துடலாம்." வீட்டில் இது ஒரு பேனாவோடு போய்விடும். காவல் நிலையத்தில் அதே "ஆமாம்" வாக்குமூலம் ஆகிவிடும். பழங்குடிப் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளிக் கொடுமைகளை விசாரித்த கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-ல் வெளியிட்ட 94 பரிந்துரைகளில், 34-வது, இந்தப் பாதிப்பு உள்ளவர்களுக்காகக் குற்றவியல் நடைமுறையையே மாற்றச் சொல்கிறது.

பணம், நேரம் இரண்டும் கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம் என்பதால் கண்ணுக்குத் தெரியவைக்க வேண்டும். "அரை மணியில கிளம்பணும்" என்பது காதில் விழும், அவ்வளவுதான். சிவப்பு வட்டம் குறைந்துகொண்டே வரும் டைமர் வேலை செய்யும். மாதச் சம்பளம் மொத்தமாகக் கைக்கு வந்தால் இரண்டே நாளில் காலி, அதிலும் பாதி "நண்பர்கள்" கைக்குப் போயிருக்கும். வாடகை கணக்கிலிருந்து நேராகப் போகட்டும், செலவுக்காசு தினசரியாக வரட்டும். வளர்ந்தவனுக்கு இது அவமானம் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வாடகை கட்டாமல் தெருவில் நிற்பது அதைவிட அவமானம் என்பது என் கட்சி.

இந்தப் பாதிப்பைக் கண்டறிவதற்குப் பெரும்பாலும் தாயின் வாயிலிருந்து உண்மை வந்தாக வேண்டும். "கர்ப்பத்துல குடிச்சீங்களா?" என்று முகத்துக்கு நேரே கேட்டால் வராது. "கர்ப்பம்னு தெரியறதுக்கு முன்னாடி, விசேஷம், பார்ட்டின்னு எப்பவாவது?" என்று கேட்டால் வரலாம். பலருக்குக் கர்ப்பம் தெரியவே ஐந்தாறு வாரம் ஆகிறது. குற்றவாளியாக நிறுத்தினால் அடுத்த தாய் வாயையே திறக்க மாட்டாள். அமெரிக்க உளவியலாளர் ஆன் ஸ்ட்ரைஸ்குத் குழுவினர் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வயதுக்கு முன்பே கண்டறியப்பட்டவர்களும் நிலையான வீட்டில் வளர்ந்தவர்களும் பின்னாளில் சிக்கல்களில் குறைவாகவே மாட்டினார்கள்.

பதினெட்டு வயதானதும் உதவியை உருவிவிடாதீர்கள். காலையில் போன் செய்து எழுப்புவது, மருத்துவரிடம் கூடப் போவது எல்லாம் முப்பது வயதிலும் தேவைப்படலாம். போலீஸ் நிறுத்தினால் காட்டுவதற்குப் பர்ஸில் ஒரு அட்டை இருக்கட்டும்: எனக்குப் பிறவியிலேயே மூளைப் பாதிப்பு, மெதுவாக ஒவ்வொன்றாகக் கேளுங்கள், வழக்கறிஞர் வரும்வரை பதில் சொல்ல விரும்பவில்லை, இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அட்டையை எடுத்து நீட்டுவதையும் வீட்டிலேயே பலமுறை நடித்துப் பழக்க வேண்டும். பதற்றத்தில் சட்டென்று பைக்குள் கைவிட்டால் போலீஸ்காரர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வார். "என் பர்ஸில் ஒரு அட்டை இருக்கு, எடுக்கட்டுமா?" என்று முதலில் கேட்பதையும் சேர்த்தே பழக்குங்கள்.