பெட்டி போட்ட இடத்தில் முளைத்த முடிச்சு

விண்கலத்திலும் பூமியிலும் உள்ள ரேடியோ ஆன்டெனாக்களை ஒரே தொலைநோக்கிபோல் இணைக்கும் விண்வெளி ரேடியோ இண்டர்ஃபெரோமெட்ரித் தரவைப் படமாக்கும் வேலைக்கு வந்தபோது, ஆன்டெனாக்களுக்கு இடையிலான தொலைவு கூடக் கூடப் படம் கூர்மையாகும் என்பதையே பெரிதாக நம்பியிருந்தேன். 2011இல் ஏவப்பட்ட ரேடியோஆஸ்ட்ரான் விண்கலத்தின் 10 மீட்டர் ஆன்டெனா ஏறத்தாழ 3,50,000 கிலோமீட்டர் வரை விலகிச் சென்றது. 1.3 சென்டிமீட்டர் அலைநீளத்தில் அத்தொலைவு தரும் பிரிதிறன், ஒரு வில்நொடியின் (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) லட்சத்தில் ஒரு பங்கைவிட நுண்ணியது. ஆனால் அந்த உச்சத்தில் ஒரு மூலத்தின் அளவை மதிப்பிடலாமே தவிர, படம் வரைய முடியாது. ஆன்டெனா இணைகளின் இடைவெளியையும் திசையையும் புள்ளிகளாகக் குறிக்கும் யு-வி தளத்தில் நடுவே பூமி ஆன்டெனாக்களின் அடர்ந்த கொத்தும், வெகுதொலைவில் விண்கலத்தின் மெல்லிய கீற்றும் இருக்க, இடைப்பட்ட பகுதி காலியாகவே கிடக்கும். அதனால் விண்கலம் பூமியை நெருங்கி வரும் மணிநேரங்களையே படத்துக்கு நம்பியிருந்தோம். 1997இல் ஏவப்பட்ட ஹால்கா என்ற ஜப்பானிய ரேடியோ விண்கலத்தின், 21,400 கிலோமீட்டரைத் தாண்டாத அடக்கமான பாதை படத்துக்கு எவ்வளவு ஏற்றது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தொல்லை, ஆன்டெனாக்களின் பதிவுகளை ஒப்பிட்டு இணைக்கும் கோரிலேட்டரிலேயே தொடங்கிவிடும். விண்கலத்தின் இருப்பிடமும் வேகமும் துல்லியமாகத் தெரியாததால், சிக்னலைத் தாமதம், தாமத மாறுவீதம், சில சமயம் முடுக்கம் என அகலமாகத் தேட வேண்டும். தேடும் பரப்பு விரிய விரிய, இரைச்சலே சிக்னலைப் போல வேடம் போட்டு நிற்கும் வாய்ப்பும் கூடும்.

தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றின் பிரகாசமான மையமான ஒரு குவாசாரிலிருந்து பீறிடும் தாரையில், மையத்துக்குச் சற்றுத் தள்ளி, பளிச்சென்று ஒரு முடிச்சு எனக்குக் கிடைத்தது. ஒளியை இதற்குள் மட்டும் தேடு என்று நிரலுக்குச் சொல்லும் பெட்டியை அதைச் சுற்றிப் போட்டு, படத்தின் போலித் தடங்களை நீக்கும் க்ளீன் முறையைச் செய்தேன்; கிடைத்த படத்தைக் கொண்டே தரவின் பிழைகளைத் திருத்தும் செல்ஃப் கேலிப்ரேஷன் ஒவ்வொரு சுற்றிலும் அதை மேலும் பிரகாசமாக்கியது. குழுவில் மூத்தவர் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு முதலிலிருந்து செய்து பாருங்கள்" என்றார். செய்தேன்; முடிச்சு வரவில்லை. விண்கலத்தின் கட்டப் பிழையை (வந்து சேரும் அலையின் ஏற்ற இறக்க நிலையில் உள்ள பிழையை)ச் சிறுசிறு இடைவெளிகளில் சரிசெய்ய நான் கொடுத்திருந்த சுதந்திரத்தில், தரவு நான் வைத்திருந்த மாதிரிப் படத்துக்கேற்ப வளைந்து கொடுத்திருந்தது. மூன்று ஆன்டெனாக்களுக்கு இடையிலான மூன்று இணைகளின் கட்டங்களை ஒரு சுற்றாகக் கூட்டிப் பெறும் மூடுகட்டம் அந்த வளைப்புக்கு அகப்படாதது. முடிச்சு உள்ள மாதிரிப் படமும் இல்லாத மாதிரிப் படமும் அதோடு ஒரே அளவுக்குப் பொருந்தின. பிறகு வழவழப்பான ஒரு கற்பனைத் தாரையை அதே யு-வி தடங்களில் செலுத்தி, பழைய பெட்டியோடு படமாக்கினேன். முடிச்சு திரும்பி வந்தது. மையத்திலிருந்து அதன் தூரத்தை அளந்தேன். கற்றையின், அதாவது ஒற்றைப் புள்ளி எங்கள் ஆன்டெனாக்களில் பதியும் வடிவத்தின், முதல் பக்கமடல் என்ற போலி மேடு அங்கேதான் இருந்தது.