500 ஸ்டிக்கர் ஒட்டினப்புறம் வேலை செய்யாம போன கியூஆர் கோடு

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல வீட்டுலயே முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை சுட்டு விக்கிறேன், எட்டு வருஷமாச்சு. அம்மா ரப்பர் எஸ்டேட்ல பால்மரம் வெட்டிட்டு வந்து சாயங்காலம் லயத்து வீட்டுல அடுப்பு மூட்டி சுட்டு வித்த அதே பக்குவம்தான். வியாபாரம் எல்லாம் வாய் வார்த்தையிலதான் ஓடிச்சு. ஆனா பாக்கெட்ட தீவாளிக்கு பரிசா வாங்கிட்டு போறவங்க, ஈப்போவுல சொந்தக்காரங்க வீட்டுல சாப்பிட்டு பாத்தவங்க, அவங்களுக்கெல்லாம் இத யார் சுட்டதுன்னே தெரியாது. நம்பர் போட்டிருந்தேன்தான், ஆனா நம்பர பாத்து டைப் பண்ணி சேவ் பண்ணி வாட்ஸ்அப்ல தேடி மெசேஜ் போடுறதுக்குள்ள பாதி பேர் விட்டுடுவாங்க. கோவிட் நேரத்துல கடைக்குள்ள போக ஸ்கேன் பண்ண வேண்டியிருந்த மைசெஜாத்ரா ஆப்பால எங்க ஊரு பாட்டிங்க வரைக்கும் ஸ்கேன் பண்ண பழகியிருந்தாங்க, அதான் பாக்கெட்டுல கியூஆர் கோடு போட்டா என்னன்னு தோணுச்சு.

இணையத்துல "இலவசம்"னு போட்டிருந்த ஒரு தளத்துல செஞ்சேன். அழகா வந்துச்சு, நடுவுல நம்ம லோகோ எல்லாம் வச்சு. பிரிண்டிங் கடை அங்கிள்கிட்ட குடுத்து 500 ஸ்டிக்கர் அடிச்சு, ராத்திரி நானும் மகளும் உக்காந்து ஒட்டி, தீவாளிக்கு மூணு வாரம் இருக்கிறப்ப கடைகளுக்கு அனுப்பிட்டேன். முதல் வாரம் ஆர்டர் நல்லா வந்துச்சு. அப்புறம் ஒரு காலையில ஈப்போ ஆன்ட்டி ஒருத்தங்க அவங்க ஹேண்ட்போன படம் எடுத்து அனுப்புறாங்க, "ஏம்மா, கடைய மூடிட்டியா"ன்னு. பாத்தா, இந்த கோடு முடக்கப்பட்டது, திரும்ப வேணும்னா பணம் கட்டுங்கன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு. எனக்கு கை கால் ஓடல. அந்த நேரம் 320 பாக்கெட் வெளிய போயிடுச்சு, எல்லாம் யார் யார் வீட்டுலயோ இருக்கு.

என் தம்பி மகன் காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கிறான், அவன்தான் விளக்குனான். கியூஆர் கோடுல ரெண்டு வகை இருக்காம். ஒண்ணு டைனமிக், அந்த கட்டங்களுக்குள்ள இருக்கிறது நம்ம லிங்க் இல்ல, அந்த தளத்தோட லிங்க். ஸ்கேன் பண்றவங்க முதல்ல அவங்க வாசலுக்கு போயி அங்கிருந்துதான் நம்மகிட்ட வருவாங்க, அவங்க கதவ சாத்துனா முடிஞ்சுச்சு. இன்னொண்ணு ஸ்டாட்டிக், நம்ம லிங்க்கே கட்டமா மாறி உள்ள இருக்கும், அந்த லிங்க் இருக்கிற வரைக்கும் கோடும் வேலை செய்யும், யாரும் நிறுத்த முடியாது. எனக்கு கோவம் வந்தது எங்கன்னா, இந்த கியூஆர கண்டுபிடிச்சது 1994ல ஜப்பான்ல டென்சோ வேவ்னு ஒரு கம்பெனி, கார் பாகங்கள கணக்கு வைக்கிறதுக்காக. காப்புரிமை கையில இருந்தும் அவங்க அத வச்சு யார்கிட்டயும் காசு கேக்கல, யார் வேணும்னாலும் பயன்படுத்தட்டும்னு விட்டுட்டாங்க. அப்படிப்பட்ட பொருள இலவசம்னு குடுத்துட்டு, நாம பிரிண்ட் பண்ணி ஒட்டி முடிக்கிற நேரம் பாத்து காசு கேக்கிறது சரியே இல்ல. டைனமிக் தப்புன்னு சொல்லல, லிங்க்க பின்னாடி மாத்தலாம், எத்தன பேர் ஸ்கேன் பண்ணாங்கன்னு பாக்கலாம், பெரிய கடைக்கு தேவைப்படும். ஆனா காலக்கெடு இருக்குன்னு முதல்லயே பெருசா எழுதணும்ல.

மனசே வராம ஒரு மாசத்துக்கு காசு கட்டுனேன், வெளிய போன 320 பாக்கெட்டும் தீவாளி வரைக்குமாவது உயிரோட இருக்கட்டும்னு. மீதி 180க்கு புது ஸ்டிக்கர் அடிச்சு பழசு மேலயே ஒட்டுனோம்.

இந்த தடவ வாட்ஸ்அப்போட சொந்த லிங்க்கயே ஸ்டாட்டிக் கோடா மாத்துனோம். அதுலயும் முதல்ல தடுமாறுனேன். அந்த லிங்க்குக்குள்ள நம்ம நம்பர நாட்டுக் குறியோட போடணும். நம்ம நம்பர் 012ன்னு ஆரம்பிக்குது, அதுக்கு முன்னாடி மலேசியாவோட 60 சேத்து 60012ன்னு போட்டுட்டேன், நம்பரே இல்லன்னு வந்துச்சு. 6 மட்டும் சேத்து 6012ன்னு வரணும், பிளஸ் குறியும் கூடாது. அடுத்தது, ஸ்கேன் பண்ண உடனே "வணக்கம், முறுக்கு ஆர்டர் பண்ணணும்"னு தமிழ்லயே மெசேஜ் ரெடியா வரணும்னு ஆசப்பட்டேன். போட்டதும் கோடு எறும்பு புத்து மாதிரி பொடிப் பொடி கட்டமா ஆயிடுச்சு. ஏன்னா லிங்க்குக்குள்ள ஒரு தமிழ் எழுத்து 9 குறியா மாறுது, கொம்பு, புள்ளி எல்லாம் தனியா இன்னொரு 9, வணக்கம்ங்கிற ஒரு வார்த்தைக்கே 63 குறி. அத ரெண்டு சென்டிமீட்டர் ஸ்டிக்கர்ல அடிச்சா அம்மாவோட பழைய ஹேண்ட்போன் பிடிக்கவே மாட்டேங்குது. தமிழ விடவும் மனசில்ல. கடைசியில லிங்க்க சின்னதா வச்சுட்டு, வாட்ஸ்அப் பிசினஸ்ல வரவேற்பு மெசேஜ்னு ஒண்ணு இருக்குல்ல, அதுல வணக்கத்தையும் விலைப் பட்டியலையும் தமிழ்ல போட்டுட்டேன். யார் முதல் தடவ மெசேஜ் போட்டாலும் தானா போயிடும்.

லிங்க் கடைசியில ஒரே ஒரு எழுத்து மட்டும் ரெடியா வர்ற மாதிரி வச்சேன். பாக்கெட்டுக்கு பி, மினி மார்க்கெட் கவுண்டருக்கு எம், கோயில் பேனருக்கு கே. காசு கட்டாமலே எது எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுது.

பிரிண்ட்ல பட்ட பாடு தனி. மெரூன் கலர் மேல தங்கக் கலர்ல கோடு, பாக்க பட்டுப்புடவ மாதிரி இருந்துச்சு, ஆனா பழைய போன் எதுவும் எடுக்கல. வெள்ளையில கறுப்புதான் நல்லது. அங்கிள் அழகுக்காக கோட ஒட்டி ஒரு பார்டர் போட்டாரு, அதுவும் ஆகாது, சுத்தி நாலு கட்ட அகலத்துக்கு வெறும் வெள்ளை இருக்கணும். முறுக்குன்னா எண்ணெய் படும், அதுக்கு கோட்டுலயே பிழை திருத்தம்னு நாலு அளவு இருக்கு, 7, 15, 25, 30 சதவீதம், அவ்வளவு அழிஞ்சாலும் படிச்சுக்கும். கூடக் கூட கட்டமும் கூடும், அதனால நான் 25ல நிறுத்திட்டேன். பேனர்ல போடுறவங்க, எவ்வளவு தூரத்துல நிப்பாங்களோ அதுல பத்துல ஒரு பங்கு வைங்க, ரெண்டு மீட்டர்னா 20 சென்டிமீட்டர். நான் முதல்ல பேனர்ல உள்ளங்கை அளவுக்குத்தான் வச்சிருந்தேன், சாமி கும்பிட வந்தவங்க செருப்பு மேல ஏறி நின்னு எட்டி எட்டி ஸ்கேன் பண்ணாங்க, பாக்கவே பாவமா இருந்துச்சு.

நான் நெனச்சே பாக்காத குழப்பம் ஒண்ணு. நெறைய பேர் இத காசு கட்டுற கோடுன்னு நெனச்சு ஈ-வாலட்ல ஸ்கேன் பண்ணியிருக்காங்க, செல்லாதுன்னு வந்ததும் விட்டுட்டு போயிட்டாங்க. தப்பு அவங்க மேல இல்ல, எல்லா கடையிலயும் காசு கட்டுற டுவிட்நவ் கோடுதானே பாக்குறாங்க. அப்புறம்தான் கோடுக்கு மேல "கேமராவுல ஸ்கேன் பண்ணி வாட்ஸ்அப்ல ஆர்டர் பண்ணுங்க"ன்னு தமிழ்லயும் மலாய்லயும் எழுதி, டுவிட்நவ் கோட தனியா என் மேசையில மட்டும் வச்சேன். அந்த ஒரு வரி போட்டப்புறம்தான் மினி மார்க்கெட்லருந்து ஆர்டரே வர ஆரம்பிச்சது.

தீவாளி முடிஞ்சு உக்காந்து எண்ணிப் பாத்தேன். பி 64, கே 19, எம் 7. காலி பாக்கெட்ட தூக்கிப் போடாம வச்சிருந்து ஸ்கேன் பண்ணியிருக்காங்க. ஜொகூர் பாருல ஒரு பையன், "பாட்டி இந்த ருசி எங்க எஸ்டேட்ல சாப்பிட்டதுன்னு சொல்றாங்க, ரெண்டு கிலோ அனுப்புவீங்களா"ன்னு கேட்டிருந்தான், அத அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன். ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னாங்க.

சின்ன வியாபாரம் பண்றவங்க யாராச்சும் ஸ்டிக்கர் அடிக்கப் போறீங்கன்னா, மொத்தமா அடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு அடிச்சு படம் எடுத்து எனக்கு அனுப்புங்க. அம்மாவோட பழைய ஹேண்ட்போன் இன்னும் இருக்கு, அதுல ஸ்கேன் பண்ணிப் பாத்து சொல்றேன்.