ஒரு பவுண்டுக்கு இரண்டு சிவப்புப் புள்ளி

எதிர்வீட்டுப் பாட்டிக்கு 93 வயது. நான் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகருக்குக் குடிவந்த நாளிலிருந்து அவருடைய அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய காபி டப்பா இருக்கிறது. இறைச்சி வறுத்த வாணலியில் மிஞ்சும் கொழுப்பை ஆறவைத்து, வடிகட்டி, அதில் ஊற்றிவைப்பார். சென்ற மாதம் அவருக்கு இடுப்பு வலி. பாத்திரம் கழுவித்தரப் போன நான், வாணலியை அப்படியே தொட்டியில் கவிழ்க்கப் பார்த்தேன். பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஒரு பவுண்டு சேர்ந்தால் இரண்டு சிவப்புப் புள்ளி!" என்றார்.

அது என்ன புள்ளி என்று கேட்டேன். அன்று மாலை முழுவதும் அந்தக் கணக்கிலேயே போயிற்று.

உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் இரண்டாம் உலகப் போரின்போது அவருக்குக் கொடுத்த ரேஷன் புத்தகம். சிறுமியின் பெயர், வயது, உயரம், எடை எல்லாம் அவருடைய அம்மாவின் கையெழுத்தில் இருந்தன. கூப்பன் ஒவ்வொன்றிலும் பீரங்கி, விமானம், கப்பல் என்று ஏதாவது ஒரு படம். 1942 மே மாதம் சர்க்கரைக்குத்தான் முதலில் புத்தகம் கொடுத்தார்கள்; ஆளுக்கு வாரம் அரைப் பவுண்டு. நவம்பரில் காபி வந்து சேர்ந்தது, மறு பிப்ரவரியில் காலணி, மார்ச்சில் டப்பா உணவு, இறைச்சி, வெண்ணெய், பாலாடைக்கட்டி.

பெட்டியின் அடியில் இரண்டு சிவப்பு வில்லைகள் கிடந்தன. அழுத்திய நார் அட்டை. விரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. நடுவில் 1 என்ற எண். உலோகம் போருக்குப் போய்விட்டதால், கூப்பனுக்கு மீதி கொடுக்க 1944இல் இப்படிச் செய்தார்கள். செய்த ஊர் இதே ஒஹாயோவின் சின்சினாட்டி. எண்பது ஆண்டு கழித்தும் சாயம் மங்கவில்லை.

கடையில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விலை. ஒன்று சென்ட்டில், மற்றொன்று புள்ளியில். டப்பா உணவுக்கு நீலப் புள்ளி, ஆளுக்கு மாதம் 48. இறைச்சி, கொழுப்பு வகைகளுக்குச் சிவப்பு, வாரம் 16. கைக்குழந்தைக்கும் அதே அளவு. கோடீஸ்வரனுக்கும் அதே அளவு. எனக்கு இந்த ஏற்பாட்டின் மீது பெரிய மரியாதை வந்துவிட்டது. கள்ளச் சந்தையும் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் பணம் இருக்கிறது என்பதற்காக ஒருவர் கடையையே வாரிக்கொண்டு போக முடியாது என்று ஒரு நாடே ஒப்புக்கொண்டிருந்தது. பாட்டியின் வீட்டில் ஐந்து பிள்ளைகள். "எங்களிடம் புள்ளி நிறைய, காசு குறைவு" என்றார். அவருடைய அம்மா ஞாயிறு இரவு ஏழு புத்தகங்களையும் மேசையில் பரப்பி, எந்தக் கூப்பனுக்கு எந்தத் தேதியோடு காலம் முடிகிறது என்று பார்த்துத்தான் மறுவாரச் சமையலையே தீர்மானிப்பாராம்.

1943 இறுதியில் ஒரு பவுண்டு வெண்ணெய்க்கே 16 புள்ளி. ஓர் ஆளின் ஒரு வாரம் அதில் முடிந்துவிடும். அதனால் வீட்டில் வெண்ணெய்க்குப் பதிலாக மார்ஜரின் என்ற செயற்கை வெண்ணெய்தான். அது சுண்ணாம்பு போல வெள்ளையாக வரும். சாயமிட்டு விற்றால் வரி அதிகம். கூடவே வரும் மஞ்சள் பொடியைக் கிண்ணத்தில் போட்டுப் பிசைவது பாட்டியின் வேலை. சரியாகக் கலக்காவிட்டால் ரொட்டியில் வரிவரியாகத் தெரியும்.

கொழுப்பு டப்பாவின் கதையும் இங்கேதான் சேர்கிறது. கொழுப்பிலிருந்து கிளிசரின், கிளிசரினிலிருந்து வெடிமருந்து. பசிபிக் தீவுகளிலிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெய் வகைகள் ஜப்பானியப் படையால் நின்றுபோயின. எனவே வறுத்த கொழுப்பை இறைச்சிக் கடையில் கொடுத்தால், பவுண்டுக்கு 4 சென்ட்டும் 1943 டிசம்பர் முதல் 2 சிவப்புப் புள்ளியும் கிடைத்தன. பதினொரு வயதில் அந்த டப்பாவைச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு நடந்தவர், இன்றும் அதைக் கொட்ட மனம் வராமல் வைத்திருக்கிறார்.

"சர்க்கரைக்கும் முன்னால் டயர்" என்றார் பாட்டி. 1942 ஜனவரியிலேயே டயருக்குக் கட்டுப்பாடு. பின்னால் நாடெங்கும் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்ததும், மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டாதே என்றதும் முக்கியமாக ரப்பரை மிச்சப்படுத்தத்தான். அமெரிக்காவுக்கு வேண்டிய ரப்பரில் பெரும்பகுதி மலாயாவிலிருந்தும் டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் (இன்றைய இந்தோனேசியா) வந்துகொண்டிருந்தது. அந்த மலாயாவைத்தான் ஜப்பான் பிடித்துக்கொண்டது.

எனக்கு அதற்குமேல் பேச்சு எழவில்லை. என் தாத்தாவின் அண்ணன் மலாயாவின் பேராக்கில் ரப்பர்ப் பால்மரம் சீவியவர். இந்த ஊர்ச் சாலைகளில் ஓடிய டயர்களுக்கு அவரைப் போன்றவர்கள்தான் விடியற்காலையில் விளக்கோடு போய்ப் பாலெடுத்தார்கள். ஜப்பான்காரன் வந்தபின் பாலை வாங்க ஆளில்லை, அரிசியும் இல்லை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் கட்டாய வேலைக்குப் பிடித்துப்போனவர்களில் அவர் இல்லை என்பதுதான் எங்கள் குடும்பத்தின் அதிர்ஷ்டம். கட்டத் துணியில்லாமல் கோணிச் சாக்கை உடுத்திக்கொண்டதாகச் சொல்வாராம். அவருக்கு ரேஷன் புத்தகத்தில் பெயர் எழுதிக்கொடுக்க யாரும் இல்லை.

இதைப் பாட்டியிடம் சொன்னேன். "சாக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சற்று நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி மீண்டும் உள்ளே போனார். மடித்த துணியொன்றோடு வந்தார். வெளுத்துப்போன நீலப் பூக்கள். கோழித்தீவனம் வந்த பருத்திச் சாக்கு. ஒரே பூவில் மூன்று சாக்கு சேரும்வரை காத்திருந்து அவருடைய அம்மா கவுன் தைத்தாராம், அதில் மிஞ்சிய துண்டு இது. என் கையில் வைத்தார். மெல்லிய, பழகிய துணி. ஓரத்தில் விரலை ஓட்டியபோது தட்டுப்பட்டது, சாக்கின் வாயைத் தைத்த நூலைப் பிரித்தெடுத்த ஓட்டைகள், வரிசையாக, இன்னும் மூடாமல்.