விலை குறைந்தால் எண்ணிக்கை கூடும்: அந்தக் கணக்கு

"360 ரூபாய்க்குச் சில பேனாக்கள் வாங்கினார். ஒன்றின் விலை 3 ரூபாய் குறைந்திருந்தால் 4 பேனா கூடுதலாகக் கிடைத்திருக்கும். விலை என்ன?"

பலர் இதில் "x = பேனா" என்று ஆரம்பிப்பார்கள். பாதிக் குழப்பம் அங்கேயே வந்துவிடும். x என்பது பொருள் அல்ல, எண். "x = ஒரு பேனாவின் பழைய விலை, y = வாங்கிய எண்ணிக்கை" என்று முழுசாக எழுதுங்கள்.

மாறாதது மொத்தத் தொகை. அதனால் xy = 360, (x − 3)(y + 4) = 360. இரண்டாவதை விரித்தால் xy + 4x − 3y − 12 = 360. இதை xy − 12 என்று சுருக்கி எழுதி, நடு உறுப்புகள் இரண்டையும் விழுங்குவதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு. xy-க்கு 360 போட்டால் மிஞ்சுவது 4x − 3y = 12. y = 360/x என்று பிரதியிட்டு, x-ஆல் பெருக்கிச் சுருக்கினால் x² − 3x − 270 = 0. அதாவது (x − 18)(x + 15) = 0.

விலை 18, எண்ணிக்கை 20. சரிபார்க்க: 15 × 24 = 360. −15 விலையாகாது, தள்ளிவிடலாம். ஆனால் குறியை விட்டுப் பார்த்தால் அதுதான் புது விலை!

பின்னமாக எழுதுகிறவர்கள் 360/(x − 3) − 360/x = 4 என்று போடணும். விலை குறைந்த பக்கம்தான் எண்ணிக்கை அதிகம், அதிலிருந்துதான் கழிக்கணும். மாற்றிக் கழித்தால் x² − 3x + 270 = 0 வரும்; தன்மைகாட்டி (b² − 4ac) 9 − 1080, அது எதிர்மறை, அதனால் மெய்த் தீர்வே கிடையாது. அப்படி வந்தால் சூத்திரத்தோடு மல்லுக்கட்டாமல் முதல் வரிக்குப் போய்க் குறியைப் பாருங்கள்.