பூட்டிய வீட்டுக்கு 430 யூனிட்

மடிப்பாக்கத்தில் ரீசேல் ஃபிளாட். ஆனியில் பத்திரம் பதிந்தோம். அடுத்து ஆடி என்பதால் பால் காய்ச்சுவது ஆவணிக்குப் போனது. பெயின்டிங்கும் அப்புறம்தான் என்று மெயினை அணைத்துப் பூட்டிவிட்டு வந்தோம். அதற்கு முன்பும் பல மாதம் அது காலி வீடுதான். அதற்கு ஈபி பில் 430 யூனிட்!

எஸ்எம்எஸ் இன்னும் பழைய ஓனர் மொபைலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆன்லைனில் நம்பரைப் போட்டுப் பார்த்ததால்தான் எனக்கே தெரிந்தது. அவரிடம் கேட்டேன். "எனக்கும் அப்படித்தான் வந்துச்சு தம்பி, ஆட்டோபேல போயிடும், பாக்கிறதில்ல" என்றார். ஆட்டோபேயைப் பதிவு முடிந்த கையோடு நிறுத்திவிட்டார். அதில் மட்டும் கவனம்.

ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்டாவிட்டால் கனெக்ஷனைத் துண்டிக்கலாம். அதனால் பில்லைக் கட்டிவிட்டுத்தான் சண்டைக்குக் கிளம்பினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கீழே மீட்டர் போர்டுக்குப் போனேன். என் வீட்டு மெயின் ஆஃப். ஆனால் பெயின்டில் என் வீட்டு நம்பர் 'எஃப்2' என்று எழுதிய மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது, எங்கோ ஏசி ஓடுகிற வேகத்தில். பக்கத்தில் எதிர் வீட்டு நம்பர் 'எஃப்1' எழுதிய மீட்டரில் அசைவே இல்லை. மெயினைப் போட்டுவிட்டு, தம்பியை மேலே அனுப்பி என் வீட்டில் ஃபேனையும் கீசரையும் போடச் சொன்னேன். எஃப்1 துடிக்க ஆரம்பித்தது. கட்டிய காலத்திலேயே இரண்டு நம்பரையும் மாற்றி எழுதிவிட்டார்கள். இரண்டு வீட்டிலும் ஆள் இருந்தவரை பில் ஏறக்குறைய ஒன்றாக வந்திருக்கும், யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது எதிர் வீட்டில் இரண்டு ஏசி ஓடியும் முதல் 100 யூனிட் இலவசத்துக்குள் பில்லே வராமல் இருந்திருக்கிறார்கள். அரசாங்கம் நல்லா பண்றாங்க என்று அந்த வீட்டு அக்கா என்னிடமே சொன்னார்.

திருத்த மனு கொடுக்க வேண்டும். ஆனால் கனெக்ஷன் யார் பேரில் இருக்கிறதோ அவர் கையெழுத்து கேட்பார்கள். அது இன்னும் பழைய ஓனர் பேரில். பேர் மாற்றலாமென்றால் டெபாசிட்டை என் பேருக்கு மாற்ற அவர் ஒப்புதல் கடிதம் வேண்டும். பணம் கைக்குப் போனபின் மனிதர் போனை எடுக்கவே மாட்டேன் என்கிறார். புரோக்கரைப் பிடித்து, கோயம்புத்தூருக்குக் கூரியர் அனுப்பி, வந்த கடிதத்தில் சர்வீஸ் நம்பர் தப்பு, மறுபடியும் கூரியர். பதிவு நாளன்று சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் அரை நாள் பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவர் அவர்! வீடு வாங்கப் போகிறவர்கள் அந்தக் கடிதத்தை அன்றே வாங்கி ஃபைலில் வையுங்கள்.

சொத்து வரியில் பிரச்சினை இல்லை, ரசீது சரியாக இருந்தது. குடிநீர் வரிக்குத் தனி பில், தனி நம்பர். அதில் பாக்கி கிடந்தது, கட்டினேன். வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், பதிவான பத்திர விவரம்தான் அதில் வரும். வரி பாக்கி, ஈபி பாக்கி, மெயின்டனன்ஸ் பாக்கி எதுவும் வராது. பழைய ஓனர் வைத்த மின்கட்டணப் பாக்கியை, விதிமுறையில் இடமிருந்தால் புது ஓனரிடமே வசூலிக்கலாம் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கும்போதே எல்லா நம்பரையும் வாங்கி நீங்களே ஆன்லைனில் பாருங்கள்.

ஒருவழியாகப் பேர் மாறியது. எதிர் வீட்டு ஓனரும் நானும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். லைன்மேன் வந்து சோதித்துப் பார்த்துவிட்டு, மீட்டருக்குப் பின்னால் போகும் ஒயரை மாற்றிக் கொடுத்தார். மீட்டரில் சீல் இருக்கும், தனி எலக்ட்ரீஷியனை வைத்துக் கை வைத்துவிடாதீர்கள்.

நான் கட்டிய பணத்தை எதிர் வீட்டு ஓனர் முணுமுணுத்துக்கொண்டே ஜிபேயில் அனுப்பினார். பழைய ஓனர் கட்டியதை அவர் வந்து கேட்டுக்கொள்ளட்டும். அடுத்த பில் வந்த அன்று அந்த அக்கா படியில் என்னை நிறுத்தி, "நூறு யூனிட் இலவசத்த நிறுத்திட்டாங்களா தம்பி?" என்றார்.