ஆழியாறு தாண்டினால் எரியும் மஞ்சள் விளக்கு

அம்மா வால்பாறையில் இருக்கிறார். பொள்ளாச்சியிலிருந்து மாதம் இரண்டு சனிக்கிழமை நானும் மகனும் போய் வருவோம். வண்டி பதினோரு வருடப் பழைய பெட்ரோல் கார். போன கார்த்திகையில்தான் தொல்லை ஆரம்பித்தது. ஆழியாறு தாண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வண்டி மூச்சு வாங்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் இழுக்கவில்லை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பன்னிரண்டாவது வளைவு தாண்டியதும் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது.

திரும்பி வந்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஸ்கேனரில் பி0171 என்ற கோளாறுக் குறியீடு வந்தது. பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அதற்குப் பொருள். "அழிச்சு விட்டுட்டேன் டீச்சர், இனி வராது" என்றார் மெக்கானிக். ஊருக்குள் பள்ளிக்கும் வீட்டுக்கும் ஓட்டியவரை வரவில்லை. அடுத்த முறை மலை ஏறியதும் வந்துவிட்டது. ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினோம். மறுபடி வந்தது. புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினோம், 3,800 ரூபாய். அதற்கப்புறமும் வந்தது. பழைய சென்சார் கெட்டுப்போகவே இல்லை. பெட்ரோல் போதவில்லை என்று அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு முறையும் குறியீட்டை அழித்தபோது அதோடு சேர்ந்து இன்னொன்றும் அழிந்திருக்கிறது. விளக்கு எரிய வைத்த கோளாறு பதிவாகும்போதே அந்த நொடியின் நிலவரத்தையும் கார் சேமித்து வைக்கும். வேகம், ஆர்பிஎம், எஞ்சின் சூடு, எஞ்சின் மீதுள்ள சுமை எல்லாம் அதில் இருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். குறியீட்டை அழித்தால் அதுவும் போய்விடும். இது தெரிந்ததும் கார் கம்ப்யூட்டரில் உள்ளதைப் படிக்கும் ஒரு ப்ளூடூத் ஓபிடி கருவி வாங்கினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகினால் போனிலேயே எல்லாம் தெரிகிறது.

அடுத்த முறை விளக்கு எரிந்ததும் அழிக்காமல் பார்த்தேன். வேகம் 38, ஆர்பிஎம் 2,900, சுமை 78 சதவீதம், எஞ்சின் நல்ல சூட்டில். இரண்டாம் கியரில் ஏற்றம் ஏறிய நேரம் அது. அப்புறம் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஃப்யூல் ட்ரிம் என்ற எண்ணை வாசிக்கச் சொல்லி ஓட்டினேன். கணக்கிட்ட அளவைவிட எவ்வளவு பெட்ரோலைக் கம்ப்யூட்டர் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்று அது காட்டும். அந்தந்த நொடிக்கான ஷார்ட் டெர்ம், நாள்பட்ட லாங் டெர்ம் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். மொத்தம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. வண்டி நின்றபடி ஓடும்போது 3. சமதள ரோட்டில் 8. வளைவுகளில் "17... 20... 22ம்மா" என்றான்.

தெரிந்தவர்கள் எல்லாரும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைத்தான் கைகாட்டினார்கள். எத்தனால் கூடினால் ட்ரிம் கொஞ்சம் ஏறும்தான், ஆனால் வண்டி நிற்கும்போதும் ஏறும். மலையில் மட்டும் ஏறாது. சுமை கூடக்கூட எண் ஏறுகிறது என்றால், கேட்கும் அளவுக்குப் பெட்ரோல் வந்து சேரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

மெக்கானிக்கிடம் எண்களை எழுதிக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. ரொம்ப நேரம் தாளைப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை ஆழியாறு வரைக்கும் போலாமா டீச்சர்?" என்றார். பெட்ரோல் குழாயில் பிரஷர் கேஜை இணைத்து, முகப்புக் கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டினார். அடிவாரத்தில் முள் 3 பாரில் நின்றது. இரண்டாவது வளைவில் நடுங்க ஆரம்பித்தது, நான்காவதில் 2க்கு இறங்கிவிட்டது. நாங்கள் இருவருமே பேசவில்லை.

பின் சீட்டைத் தூக்கி டாங்கிலிருந்து பம்பை வெளியே எடுத்தார். அதன் அடியில் ஒரு சின்ன வலைப்பை இருக்கும், பம்ப் அதன் வழியாகத்தான் பெட்ரோலை உறிஞ்சும். வெள்ளையாக இருக்க வேண்டியது காப்பித் தூள் நிறத்தில் இருந்தது. விரலால் தடவியதும் களிம்பு போல ஒட்டிக்கொண்டது. ஊருக்குள் ஓட அந்த வழியாக வந்த பெட்ரோல் போதும், மலைக்குப் போதவில்லை. பம்ப் நன்றாகவே இருந்தது. டாங்கைக் கழுவி, வலையையும் ஃபில்டரையும் மாற்றினார். சென்சாருக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாகப் பார்க்கலாம். விட்டு விட்டு மின்னினால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் வெளியேறுகிறது என்று அர்த்தம், அது போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அதன் விலை என் சென்சாரைப் போலப் பல மடங்கு.

போன சனிக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனோம். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்டில் நிறுத்தினேன். கீழே ஆழியாறு அணை வெயிலில் பளபளத்தது. மகன் போனைப் பார்த்துவிட்டு, "இந்த ஏத்தத்துல 5க்கு மேல போகவே இல்லம்மா" என்றான். இன்னும் முப்பத்தியோரு வளைவு இருந்தது. கிளம்பினோம்.